சஷ்டிக்காகத் தள்ளிப்போட்ட தேதி

மாத்திரையை நிறுத்திய மறுமாதமே பிள்ளை உண்டாகிவிடும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்து வருடம் நாள் தவறாமல் விழுங்கிய கருத்தடை மாத்திரை. சாப்பிட்டால் பிள்ளை இல்லை, சாப்பிடாவிட்டால் பிள்ளை. இத்தனை சுலபமான விஷயம் என் உடம்புக்கு மட்டும் ஏன் புரியவில்லை என்பதுதான் அடுத்த இருபத்திரண்டு மாதங்களும் எனக்கு இருந்த கோபம். நான் பொறுமைசாலி இல்லை. மெட்ரோ இரண்டு நிமிடம் தாமதித்தால் பல்லைக் கடிக்கிறவள். என்னைப் போன்றவளை மாதத்துக்கு ஒரு முறை மட்டும் பதில் சொல்கிற காரியத்தில் மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்?

கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது நானும் என் கம்பெனியின் சால்ட் லேக் கிளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். டாக்குரியாவில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா, ஊர் வழக்கப்படி மாஷிமா என்று கூப்பிடுவோம். கல்யாணமான புதிதில் கணவருக்குத் துறைத் தேர்வுகள் இருந்தன, எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. இரண்டு வருடம் போகட்டும் என்று இருவரும் சேர்ந்து பேசித்தான் மாத்திரையை ஆரம்பித்தோம். இரண்டு மூன்றாகி, மூன்று ஐந்தாகிவிட்டது. அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. அது எங்கள் முடிவு.

வெட்கம் வேறு இடத்தில் இருந்தது. என் மாமியாரிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை.

திருச்சியில் தனியாக இருந்தார் அவர். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். கணவர் ஒரே பிள்ளை. முதல் வருடம் அத்தை ஜாடைமாடையாகக் கேட்டார். இரண்டாவது வருடம் நேராகவே கேட்டார். "ஆகும்மா, ஆகும்போது ஆகும்" என்று பிள்ளை போனில் மழுப்பினார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னபோது, "அம்மாவுக்குப் புரியாது, சும்மா மனசு கஷ்டப்படுவாங்க" என்றார். நானும் அதை வசதியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த ஐப்பசியில் அத்தை எங்களுக்காகக் கந்த சஷ்டி விரதம் இருக்கத் தொடங்கினார். அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாள் பாலும் பழமும்தான். ஆறாம் நாள் சூரசம்ஹாரம் முடிந்து போன் செய்வார். குரல் தேய்ந்து கிடக்கும். "இந்தத் தடவை முருகன் கண்ணைத் தொறந்துடுவான், பாரு" என்பார். நான் சரி அத்தை, சரி அத்தை என்று கேட்டுவிட்டு, சாப்பாடு முடிந்ததும் அட்டையிலிருந்து அன்றைய மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரோடு விழுங்குவேன். நான்கு ஐப்பசிகள் இப்படிப் போயின.

ஐந்தாம் வருட முடிவில் நிறுத்தினேன். முதல் மாதவிடாய்ச் சுற்று நாற்பத்தொரு நாள். அதற்கே நான் கர்ப்பம் என்று முடிவு கட்டி அலுவலகத்தில் காபியை விட்டுவிட்டேன். நாற்பத்திரண்டாம் நாள் காலை விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்தது முப்பத்தைந்து, பிறகு முப்பது. போனில் ஒரு ஆப் போட்டுத் தேதிகளைக் குறித்தேன். அது எனக்கு கரு உண்டாகக்கூடிய நாட்களைப் பச்சை நிறத்தில் காட்டும். பச்சை நாட்களில் கணவர் அலுவலகத்திலிருந்து வர ஏழரை ஆனால் அவரோடு சண்டை. ஒருமுறை அவர், "நான் மனுஷன்தான், லிஃப்ட் இல்லை, பட்டனை அமுக்கினதும் வர்றதுக்கு" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

கரியாஹாட் பக்கத்தில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தோம். பெங்காலிக்காரர், ஐம்பது வயதிருக்கும், சுருக்கமாகப் பேசுகிறவர். நான் உள்ளே நுழைந்ததுமே கேட்ட கேள்வி, ஐந்து வருட மாத்திரை என் கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டதா என்பது. இல்லை என்றார். மாத்திரை உடம்பில் தங்குவதில்லை, சிலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரச் சில மாதம் ஆகும், அவ்வளவுதான் என்றார். ஒரு வருடம் கழிந்தும் ஒன்றும் ஆகாததால் இருவருக்கும் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் அதன்மேல் கோபப்படலாம். எல்லாம் சரியாக இருக்கிறவள் யார்மேல் கோபப்படுவாள்? டாக்டர் என்ன சொன்னாலும் என் மனது அந்த ஐந்து வருட அட்டைகளிடமே போய் நின்றது. அத்தை பட்டினி கிடந்தபோது நான் விழுங்கிய மாத்திரைகள் அவை. எனக்குப் பெரிய பக்தி எல்லாம் கிடையாது. ஆனால் பக்தி இல்லாதவளுக்கும் பயம் இருக்கிறது.

மாத்திரையை நிறுத்திய பிறகு வந்த இரண்டாவது ஐப்பசி நெருங்கியபோது அத்தை கல்கத்தாவுக்கே வந்துவிட்டார். "நான் இருந்து இருந்து பார்த்துட்டேன். வேண்டியவ நீதானே? இந்த வருஷம் ரெண்டு பேருமா இருப்போம்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீபாவளி முடிந்த கையோடு ஹவுராவில் இறங்கியவர், ஹாலின் மூலையில் பலகை போட்டு முருகன் படத்தை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "உனக்குத் தேதி என்னைக்கு?" என்று கேட்டார்.

ஆப்பைப் பார்த்துச் சொன்னேன். விரதத்தின் நான்காம் நாள்.

அத்தை கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம், சபரிமலைக்கு மாலை போட்ட வீடு, எதுவானாலும் தேதி இடித்தால் தள்ளிப்போடும் மாத்திரை. மருந்துக்கடையில் போய் "நாள் தள்ளிப்போற மாத்திரை" என்றால் எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். என் கல்யாணத்துக்கே நான் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். நாத்தனார் முறையில் இருந்த ஒரு அக்கா முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னாலிருந்து வேளை தவறாமல் நினைவுபடுத்தினாள். அதனால் அத்தை அட்டையை நீட்டியபோது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. விரதத்தின் நடுவில் ஒதுங்கி உட்கார்ந்தால் விரதம் கெட்டுவிடும். விரதம் கெடக் கூடாது. மாத்திரையைச் சாப்பிட்டேன்.

முதலில் ஒரு கர்ப்ப டெஸ்ட் செய்து பார்த்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இருபத்தோரு மாதம் ஒற்றைக் கோட்டையே பார்த்துப் பார்த்து, அந்த மாதம் அதை வாங்கவே பிடிக்கவில்லை. இந்த முறையாவது அந்தக் கோட்டிடம் அசிங்கப்படாமல் இருக்கலாம் என்று நினைத்தேன்.

ஆறு நாளும் இருந்தோம். பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு லேப்டாப்பில் மீட்டிங்குகளில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பசித்தால் கோபம் வரும். அத்தையிடம் காட்ட முடியாமல் ஹைதராபாத்தில் இருந்த டீமிடம் காட்டினேன். ஆறாம் நாள் டாக்குரியா லேக் பக்கம் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், கரும்பும் பழக்கூடையும் தலையில் சுமந்து வெறுங்காலோடு பீகார்க் குடும்பங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. என்ன விசேஷம் என்று அத்தை கேட்டார். அவர்களுக்கும் இன்றைக்குத்தான் சஷ்டி, பிள்ளைகளுக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார்கள் என்று கணவர் சொன்னார். அத்தை நின்று அவர்களைப் பார்த்தார். "தண்ணிகூடக் குடிக்காமலா?" என்று தன் ஆறு நாளும் போதாதோ என்பதுபோல் கேட்டார். இந்த அம்மாவிடம் இன்றே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

விரதம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வரவில்லை. ஏழாம் நாள் காலையில் டெஸ்ட் செய்தேன். இரண்டாவது கோடு மிக மெலிதாக, ஆனால் சந்தேகமில்லாமல் இருந்தது. கணவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். நான் அதைக் காட்டியதும் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை பார்த்துவிட்டு, "இது என்ன, எனக்கு ஒரு கோடுதான் தெரியுது" என்று கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி போட்ட பிறகு முருகன் படத்தின் முன் போய் நின்றவர், வெகுநேரம் திரும்பவேயில்லை.

நான்கு நாட்கள். அலுவலகத்துக்கும் டாக்டரிடமும் தவிர வேறெதற்கும் அத்தை என்னைப் படியிறங்க விடவில்லை. மூன்று மாதம் ஆகும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எங்களிடம் கறாராகச் சொல்லிவிட்டு, அவரே கீழே போய் மாஷிமாவிடம் சைகையில் சொல்லிவிட்டு வந்தார். மாஷிமா ஒரு தட்டு சந்தேஷ் இனிப்பு அனுப்பினார். நான் மனதுக்குள் பெயர்கள் பார்க்க ஆரம்பித்தேன். நான்கு நாளில் எவ்வளவு தூரம் போய்விடுகிறது மனது!

டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். கர்ப்ப ஹார்மோனின் அளவு இருக்க வேண்டியதைவிடக் குறைவு, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். கடைசி மாதவிடாய்த் தேதியையும் இடையில் ஏதாவது மருந்து சாப்பிட்டாயா என்றும் கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"குழந்தைக்காக வேண்டிக்கொள்வதற்கு, மாதவிடாயை நிறுத்தும் மாத்திரை சாப்பிட்டாயா?"

அவர் கேலி செய்யவில்லை. சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த அறையில் வைத்துத்தான் அதன் அபத்தம் எனக்கு முழுதாக உறைத்தது.

இரண்டாவது பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகக் கழிப்பறையில். வெளியே இரண்டு பெண்கள் கை கழுவிக்கொண்டே பிறந்தநாள் கேக் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை உள்ளேயே இருந்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் தனியாகப் போனேன். கணவர் அன்று துறைமுகத்தின் வேறு முனையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. டாக்டரிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டேன். அந்த மாத்திரையால்தானே? மூன்று முறையும் இல்லை என்றார். அப்படி மருந்து சாப்பிட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் அதனால் இது கலையவில்லை, இவ்வளவு சீக்கிரம் போகும் கரு பெரும்பாலும் தானே சரியாக உருவாகாததால் போவது, நீ செய்த எதனாலும் இல்லை, செய்யாத எதனாலும் இல்லை என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த அத்தைக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னைப் படுக்கவைத்து, வெந்நீர்ப் பை கொண்டுவந்து வயிற்றில் வைத்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் குடுத்த மாத்திரையாலயா?" என்று கேட்டார்.

நான் செய்ததை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். டாக்டர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "தெரியலை அத்தை" என்றேன்.

இரண்டு வருடமாகக் குற்றம் என் வயிற்றிலேயே இருந்தது. என் ஐந்து வருடம், என் மாத்திரை, என் பொய். முதல் முறையாக அது இன்னொருவர் கைப்பையிலிருந்து வந்ததாக ஆகியிருந்தது. அது எனக்கு இதமாக இருந்தது. அந்த வெந்நீர்ப் பையைவிட இதமாக இருந்தது.

கணவர் வந்தபோதும் நான் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. ஹாலில் அவர் தன் அம்மாவிடம், "ஏம்மா இதெல்லாம் எடுத்துட்டு வந்தே? யார் கேட்டா உன்னை?" என்பது எனக்குக் கேட்டது. அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் அல்ல. நான் எழுந்து போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அத்தை விளக்கேற்றவில்லை. சமைப்பார், துணி மடிப்பார், எனக்குப் பத்தியம் பார்த்துப் போடுவார். அவர் சாப்பிட்டாரா என்று யாருக்கும் தெரியாது. நான் இருக்கும் அறையைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வார். அறுபத்திரண்டு வயதில் ஒருவர் தன் பிள்ளை வீட்டில் பூனைபோல் நடந்துகொண்டிருந்தார். பதினோரு நாள் இதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டாம் நாள் மதியம், "அவனை ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லு கண்ணு, நான் ஊருக்குப் போறேன்" என்றார். பட்டாணி வரத் தொடங்கியிருந்த நேரம். லேக் மார்க்கெட்டிலிருந்து நான் வாங்கி வந்ததைச் சமையலறைத் தரையில் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அத்தை, அது உங்க மாத்திரையால இல்லை. டாக்டர் சொல்லிட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"அன்னைக்கே. நீங்க என்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே."

அவர் கை நிற்கவில்லை. அடுத்த காயை எடுத்தார். தொடங்கியாயிற்று, இனி நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று மீதியையும் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து மாத்திரை. இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அவர் போனில் கேட்டபோதெல்லாம் மழுப்பியது.

"நான் விரதம் இருந்தப்பல்லாமா?"

"முதல் நாலு வருஷம் அத்தை."

திட்டுவார் என்று நினைத்தேன். அதற்கு என்னிடம் பதில்கள்கூடத் தயாராக இருந்தன. என் உடம்பு, எங்கள் வாழ்க்கை என்றெல்லாம். அவர் உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மடியிலிருந்த தோலைத் தட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அவன் பொறந்து ஒரு வருஷம் ஆகலை. மறுபடி தரிச்சுடுச்சு. மாமாவுக்கு மில்லு வேலை போயிருந்த சமயம். பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயி கலைச்சுட்டு வந்தேன். மாமாவுக்குக்கூடத் தெரியாது. அதுக்கப்புறம் எனக்குத் தங்கவே இல்லை. உனக்கும் வருஷக்கணக்கா ஒண்ணும் இல்லைன்னதும், அந்தப் பாவந்தான் என் பிள்ளை குடும்பத்தைப் பிடிச்சிருக்குன்னு நெனைச்சேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் அந்த நாலு வருஷமும் பிள்ளை குடுன்னு கேக்கலடி. என்னை மன்னிச்சுடுன்னுதான் கேட்டேன். மன்னிக்க மாட்டேங்கறான்னு நெனைச்சுக்கிட்டேன்."

அவர் என்னை "டி" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் அவர் காலடியில் கிடந்த தோல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய, யாருக்கும் தெரியாத ஒன்றை ஒரு பெண் தோண்டியெடுத்து, அதற்காக நான்கு வருடம் பட்டினி கிடந்து தண்டனை அனுபவித்திருக்கிறார். அந்தத் தண்டனையை நிறுத்த என் ஒரு போன் போதுமாயிருந்தது. மன்னிச்சிடுங்க அத்தை என்றேன். அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

அன்று மாலை கணவரிடம் டாக்டர் சொன்னதையும், நான் மறைத்ததையும், அத்தையிடம் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். அத்தை தன்னைப் பற்றிச் சொன்னதைச் சொல்லவில்லை. இன்றுவரை அவருக்கு அது தெரியாது. இந்தப் பக்கங்களில் அதனால்தான் யாருடைய பெயரும் இல்லை. அவர் தன் அம்மாவிடம் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அத்தை ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. அடுத்த மாதம் டாக்டர் வேறு சிகிச்சை தொடங்கலாம் என்கிறார். தேதிகளையெல்லாம் இப்போது நானே அத்தைக்குச் சொல்லிவிடுகிறேன். தினமும் பேசுகிறோம். என்ன சமையல், அங்கே மழையா, இங்கே குளிரா என்று எல்லாம் பேசுகிறோம். இந்த ஐப்பசியில் அவர் விரதம் இருக்கவில்லை. ஆறு நாளும் சாப்பிட்டேன் என்று அவரே சொன்னார். நான் அன்று சமையலறையில் கேட்ட மன்னிப்புக்கு மட்டும் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்க எனக்குத் தைரியமும் வரவில்லை.